சுங்கான் சேர்ப்போருக்கு உச்சமுனையிலிருந்து ஒரு மடல்

அன்பின் சுங்கான் சேகரிப்பாளர்களே,

கொழும்பிலும் கண்டியிலும் சென்னையிலும், கடல் கடந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு பழைய சுங்கான்களைத் தேடித் தேடி வாங்கும் தமிழர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கற்பிட்டியில் படகேறி எங்கள் கரைக்கும் வந்து போயிருக்கிறீர்கள். வந்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். எந்தச் சுங்கான் நல்லது? இந்தக் கரையில் ஒல்லாந்தர் காலத்துச் சுங்கான் கிடைக்குமா? முதல் கேள்விக்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஏற்கலாம், விடலாம். இரண்டாவதற்கு நான் சொல்லப்போவதை விருப்பமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேண்டுகோள்.

உச்சமுனையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கற்பிட்டியை அடுத்த தீவுகளில் ஒன்று அது. எங்கள் நிலம் மணல். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் ஒல்லாந்தர் குடா. மீன்பிடி வாடிகளும் வள்ளங்களும் தென்னையும் கருவாட்டுப் பந்தலும் தவிர மறைப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. மே மாதத்தில் சோளகம் எழுந்தால் செப்ரெம்பர் வரை ஓயாது. இந்தக் காற்றை நம்பித்தான் மாம்புரியில் காற்றாலைகளை நட்டார்கள். வெளிநாட்டார் பட்டம் கட்டிய பலகையில் நீரின் மேல் பறக்க வருவதும் இதே காற்றுக்காகத்தான். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு சுங்கான் பற்றி எழுதுபவன், கண்ணாடி அலுமாரியும் தோல் நாற்காலியும் உள்ள அறையில் இருந்து எழுதுபவரைப் போல எழுத முடியாது. காற்று முதலில் பேசும்.

காற்றில் சுங்கானைப் பற்றவைத்தால் தணல் கொல்லன் உலைபோலச் சிவந்துவிடும். இழுக்காமலேயே எரியும். நாக்குச் சுடும், கிண்ணத்தின் சுவர் கொதிக்கும். அப்படியே விட்டால் உட்சுவர் ஒரு பக்கமாகக் கருகி, நாளடைவில் ஓட்டையும் விழும். ஆழம் குறைந்து வாய் அகன்ற கிண்ணம் இங்கே உதவாது என்று நான் சொல்வது இதனால்தான். எனக்குப் பிடித்தது வாய் குறுகி, சுவர் தடித்து, கையளவில் அடங்கும் கிண்ணம். மேலே துளையிட்ட உலோக மூடி போட்ட சுங்கான்கள் உண்டு. மலைநாட்டிலும் படைமுகாமிலும் கப்பலிலும் வாழ்ந்தவர்களுக்காகச் செய்தவை அவை. அலுமாரியில் பார்க்க அவ்வளவு அழகில்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறீர்கள். நான் முதலில் கையை நீட்டுவது அவற்றுக்குத்தான்.

மரம் என்றால் பிரையர். மத்தியதரைக் கடலைச் சுற்றிய மேடுகளில் வளரும் ஒரு புதரின் வேர்முடிச்சு அது. வறட்சியும் தீயும் தாங்கிப் பல பத்தாண்டுகள் இறுகி வளர்கிறது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சென் குளோட் என்ற ஊரில் 1850களில் இந்த மரத்தைக் கடைந்து சுங்கான் செய்யத் தொடங்கிய பிறகு, அதற்கு முன்னிருந்த மண் சுங்கான்களும் மற்ற மரங்களும் பின்தள்ளப்பட்டன. வேர்முடிச்சை வேகவைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் உலரவிட்ட பிறகுதான் கடைவார்கள். வெப்பத்தைத் தாங்குவதும் ஈரத்தை உறிஞ்சுவதும் இந்த மரத்தில் ஒன்றாக அமைந்தவை. எங்கள் சுற்றுலாக் கடைகளில் விற்கும் கருங்காலிச் சுங்கான்களைச் செதுக்கிய கைகளை மதிக்கிறேன். ஆனால் அவற்றில் நெருப்பு வைக்காதீர்கள். உள்ளும் புறமும் வார்னிஷ் பூசியவை அவை, அலங்காரத்துக்கென்றே செய்தவை.

துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் தோண்டி எடுக்கும் மென்மையான வெண்கனிமத்தில் செதுக்கிய மீர்ஷாம் சுங்கான்கள் சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளைகள். புகை ஏற ஏற வெள்ளை மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாக முதிர்வதைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது வீட்டுக்குள் இருக்கவேண்டிய பொருள். வள்ளத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டினால் முடிந்தது. கடலுக்குப் போகிறவருக்குச் சோளக்கதிர்த் தண்டில் செய்த சுங்கானே போதும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் ஹென்றி டிபி என்ற ஒல்லாந்துக் கடைசல்காரர் 1869 இல் தொடங்கிய தொழில் அது. விலை குறைவு, கனம் இல்லை, முதல் நாளிலிருந்தே ருசி தரும். தொலைந்தால் மனம் உடைய வேண்டியதில்லை.

ஈரம் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் காற்றில் உப்பும் நீரும் கலந்தே இருக்கின்றன. புகையிலைத் தகரத்தைத் திறந்து வைத்தால் தூள் கசகசத்துவிடும். ஈரத்தூளை நிரப்பிப் பற்றவைத்தால் சுங்கானின் கழுத்துக்குள் நீர் சேர்ந்து கொறகொறவென்று சத்தம் போடும். வாய்க்கு வருவது கசப்பு. டப்ளினில் சார்ல்ஸ் பீற்றர்சன் 1890 இல் உரிமம் பெற்ற அமைப்பு இந்தக் குறையைத்தான் தீர்த்தது. கிண்ணத்தை அடுத்துக் கழுத்தின் அடியில் ஒரு சிறு குழி, நீர் அதில் தேங்கும், புகை உலர்ந்து வரும். 1898 இல் அவர் வாய்முனையின் துளையை மேல்நோக்கித் திருப்பினார். புகை நேரே நாக்கில் படாமல் மேலே அண்ணத்தைத் தொட்டுப் பரவியது. மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊருக்காகச் செய்த ஒரு பொருள் எங்கள் உப்புக்காற்றுக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. கறுப்பு எபனைட் வாய்க்குழலை மட்டும் வெயிலில் விடாதீர்கள். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்தது அது. வெயில் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சை படியும், வாயில் வைத்தால் நாறும். மூடிய தகரப்பெட்டியில், துணியில் சுற்றி வைப்பதே இங்கே வழி.

புகையிலையில் என் விருப்பம் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், புகையில் காய்ந்த இலை. உங்களில் பலருக்கு லட்டாக்கியா தெரியும். சிரியாவின் துறைமுக நகர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இலை. இப்போது பெரும்பாலும் சைப்பிரசிலிருந்து வருகிறது. விறகுப் புகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் கறுக்க வைக்கிறார்கள். முதன்முதலில் அந்தத் தகரத்தைத் திறந்து முகர்ந்தபோது எனக்கு அது வெளிநாட்டு மணமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்துப் போறணையின் மணம் அது. தோட்டத்திலிருந்து வெட்டிய புகையிலையை வாடவிட்டு, கோர்த்து, போறணைக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சை மூட்டிப் புகை கொடுப்பார்கள். சுவாலை எழக்கூடாது, புகைதான் வேலை செய்யவேண்டும். காவல் இருப்பவர் இரவெல்லாம் கண் விழித்திருப்பார். இலையில் ஏறிய அந்த வாசம் பெட்டிக்குள்ளும் சட்டைக்குள்ளும் வீட்டுக் கூரைக்குள்ளும் தங்கிவிடும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்கள் ஒரே அறிவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை நினைக்க எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

யாழ்ப்பாண இலையை அப்படியே நறுக்கிச் சுங்கானில் போடலாமா என்று ஒரு அன்பர் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் தலை சுற்றும். சூடேற்றிய அறைக்குள் விரைவாக உலர்த்திய வேர்ஜீனியா இலையில் சர்க்கரை தங்கிவிடும். அதன் புகை புளிப்புத் தன்மை உடையது. எங்கள் இலையிலும் சுருட்டு இலையிலும், மெல்ல உலர்ந்து, அடுக்கில் கிடந்து புளிக்கும்போது சர்க்கரை அழிந்துவிடும். அந்தப் புகை காரத்தன்மை உடையது. காரப் புகையின் நிக்கொட்டின் நெஞ்சுக்குள் இழுக்காமலேயே வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் ஏறிவிடும். சுருட்டுப் பிடிக்கும் பெரியவர்கள் புகையை உள்ளே இழுக்காததற்குக் காரணமும் இதுதான், பழக்கம் மட்டுமல்ல. ஒரு நுள்ளு யாழ்ப்பாண இலையை வேர்ஜீனியாவோடு கலந்து பார்த்தால் அதன் குணம் தெரியும். முழுக் கிண்ணம் வேண்டாம்.

இனிச் சேகரிப்புக்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

நான் புதுச் சுங்கான் சேர்ப்பதில்லை. யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் பிடித்த சுங்கானையே சேர்க்கிறேன். வாய்க்குழலில் பல்தடம் இருக்கவேண்டும். கிண்ண விளிம்பு எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்தால் அவர் எந்தக் கையால் நெருப்பு வைத்தார் என்று ஊகிக்கலாம். கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால், விரல் தங்கிய இடம் அது. அடியில் தட்டித் தட்டிப் பள்ளம் விழுந்திருந்தால், சாம்பலைத் தட்டப் பக்கத்தில் கல்லோ மரமோ இருந்திருக்கிறது. பீங்கான் தட்டில் தட்டியவருடைய சுங்கானில் அந்தப் பள்ளம் இருக்காது. மலையகத்தின் தோட்டத்துரைமார் விட்டுப்போன சுங்கான்கள் கண்டி, கொழும்புப் பழம்பொருள் கடைகளில் வருகின்றன. அவற்றை ஒரு கடிதத்தைப் படிப்பதுபோலப் படிக்கலாம். படிக்கத் தெரிந்தவர்களே அந்த எழுத்தை அழிப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நீங்கள் செய்வது எனக்குத் தெரியும். வாய்க்குழலை மணல்தாளில் தேய்க்கிறீர்கள். பல்தடத்தில் கரித்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மட்டமாக அராவுகிறீர்கள். சுழலும் துணிச்சில்லில் பிடித்து மினுக்குகிறீர்கள். அந்தச் சில்லு மினுக்குவது மரத்தை மட்டுமல்ல. கழுத்தில் அடித்த செய்தவர் முத்திரையும் ஊர்ப்பெயரும் இலக்கமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். பிறகு அதே முத்திரையைக் கொண்டு ஆண்டைக் கணிக்க முடியவில்லை என்று குறைப்படுகிறீர்கள்.

உள்ளே சுத்தம் செய்யுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராயத்தை ஊற்றி ஒரு இரவு வைத்தால் பழைய கசடும் நாற்றமும் இறங்கும். கரிப்படை தடித்துவிட்டால் ஒரு நாணயத்தின் கனம் மிஞ்சும்படி சுரண்டலாம், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைக்கும். வெளியே மட்டும் கை வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து விடுங்கள், போதும். வாங்கும்போது யாரிடம், எந்த ஊரில், யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்தத் தாள் இல்லாத சுங்கானுக்கு நான் பாதி விலைதான் சொல்வேன்.

ஒல்லாந்தர் சுங்கான் பற்றி நீங்கள் கேட்டதற்கு இனி மறுமொழி.

ஒல்லாந்தில் கௌடா என்ற ஊர் இருக்கிறது. பாலாடைக்கட்டிக்குப் பெயர்போனது என்று உலகம் அறியும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது வெள்ளைக் களிமண் சுங்கானுக்குப் பெயர்போனது. 1617 அளவில் அங்கே குடியேறிய ஆங்கிலேயப் படைவீரர்கள் தொழிலைத் தொடங்கினார்கள். 1660 இல் சுங்கான் செய்வோருக்கென்று தனிச் சங்கமே அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை. கிண்ணத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குதியில் அதை அழுத்துவார்கள். பால்காரி, முடிசூடிய எழுத்து, முடிசூடிய இலக்கம் என்று நூற்றுக்கணக்கான முத்திரைகள். 1740 அளவிலிருந்து குதியின் பக்கவாட்டில் கௌடா நகரின் சின்னத்தையும் சேர்த்தார்கள். சாதாரணத் தரமென்றால் அந்தச் சின்னத்தின் மேல் எஸ் என்ற எழுத்து. ஆகவே நகத்தளவு குதி ஒன்று உடையாமல் கிடைத்தால், பட்டறையையும் காலத்தையும் தரத்தையும் அது சொல்லிவிடும்.

கிண்ணம் உடைந்து வெறும் குழல் துண்டு கிடைத்தாலும் அது ஊமையில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் கிடைத்த குழல் துண்டுகளின் துளைக்குள் துளைபோடும் ஊசிகளை நுழைத்துப் பார்த்த ஜே. சி. ஹாரிங்டன் 1954 இல் ஒரு முறையைச் சொன்னார். பழைய சுங்கானில் துளை பெரிது. காலம் போகப்போகக் குழல் நீண்டு துளை சிறுத்தது. 1600ஐ ஒட்டிய துண்டில் அங்குலத்தின் 64இல் 9 பங்கு, 1750க்குப் பின் 64இல் 4 பங்கு. லூயிஸ் பின்போர்ட் 1962 இல் இதை ஒரு கணக்குச் சூத்திரமாகவே ஆக்கினார். ஆங்கிலச் சுங்கானுக்குப் பொருந்தும் அளவுக்கு ஒல்லாந்துச் சுங்கானுக்கு அது பொருந்தாது. இன்னொன்றும் கவனியுங்கள். ஒற்றைத் துண்டால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஓரிடத்தில் ஒன்றாகக் கிடந்த பல துண்டுகளின் சராசரிதான் ஆண்டைத் தரும். அவற்றில் சிலவற்றை ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், மிச்சம் கிடப்பவற்றின் கணக்கும் கெட்டுப்போகும்.

கிடந்த இடம் எவ்வளவு சொல்லும் என்பதற்குக் காலி ஒரு சான்று. காலிக் கோட்டைக்குக் கீழே நங்கூரமிட்டிருந்த அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் 1659 ஜூலை 2 ஆம் திகதி கரையில் மோதி மூழ்கியது. 2001 இலிருந்து கடலடித் தொல்லியலாளர்கள் அதைப் படிப்படியாக அகழ்ந்தார்கள். கயிறும் பீரங்கியும் சமையல் பாத்திரமும் வந்த அதே சேற்றிலிருந்து களிமண் சுங்கான்களும் வந்தன. கப்பல் மூழ்கிய இடத்திலேயே அவை கிடந்தன. அப்படிக் கிடந்ததால்தான் கப்பலில் யார் எங்கே இருந்தார்கள், என்ன பொருள் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல முடிந்தது. பிறகு 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து காலியில் இருந்த அவர்களுடைய பணியகத்தை அடித்துச் சென்றது. மீட்டு வைத்த பல பொருட்கள் போய்விட்டன. அப்படிப் போனவற்றைப் பற்றி நம்மிடம் இன்று இருப்பது, எடுக்கும்போதே வரைந்து, அளந்து, படம் பிடித்து வைத்த குறிப்புகள்தான்.

எங்கள் பக்கத்துக் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கி 1676 இல் முடித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காவற்படையும் கணக்கரும் மாலுமிகளும் இங்கே இருந்தார்கள். கண்டி அரசனுக்குப் புத்தளம் வழியாகச் சரக்குப் போய்வருவதைத் தடுப்பதே அவர்களுடைய வேலை. காவல் நிற்பவனுக்கு நேரம் போகவேண்டும். நேரம் போக அந்தக் காலத்து ஒல்லாந்தனுக்குச் சுங்கான் இருந்தது. ஒன்று கையில் நொறுங்கினால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பான், அவ்வளவு மலிவு. எனவே கோட்டை மதிலோரத்திலோ குடாவின் சேற்றுக் கரையிலோ வெள்ளையாக ஒரு குழல் துண்டு உங்கள் கண்ணில் படக்கூடும்.

பட்டால் எடுக்காதீர்கள். இதுதான் என் வேண்டுகோள்.

இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. நிலத்தில் கண்டெடுத்தால் அறிவிக்கவேண்டும், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சட்டத்துக்குப் பயந்து விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சுங்கானை நேசிக்கிறவர்கள், அதனால் சொல்கிறேன். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். எந்த மரத்துக்கு, எந்த மதிலுக்கு எத்தனை அடி என்று குறியுங்கள். கிராம அலுவலரிடமோ தொல்பொருள் திணைக்களத்திடமோ சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிவருகிறேன். அவர்களிடம் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று காசு நீட்டாதீர்கள். காசு நீட்டிய மறுநாளே மண்வெட்டி வரும். இந்தத் தீவுகளின் நிலத்தையும் கரையையும் வைத்து வெளியார் கணக்குப் போடுவதை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். சுங்கான் சேர்ப்பவர்களும் அந்த வரிசையில் வந்து நிற்க வேண்டாம்.

சேகரிக்கும் ஆசை தணியவில்லையா? அதற்கு இடம் இருக்கிறது. எங்கள் சொந்த வீடுகளிலேயே இருக்கிறது.

தமிழர் பெரும்பாலும் சுங்கான் பிடித்தவர்கள் அல்லர். சுருட்டுப் பிடித்தவர்கள், வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள். சுங்கான் மிஞ்சும், சுருட்டு சாம்பலாகிவிடும். அதனால் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் சுங்கானுக்கு ஒரு பெட்டி உண்டு, எங்கள் சுருட்டுக்கு இல்லை. என் அப்பா வாழ்நாளெல்லாம் சுருட்டுப் பிடித்தவர். அவருக்குப் பின் மிஞ்சியது ஒரு பனையோலைக் கொட்டைப்பெட்டி மட்டும். அதன் மூலையில் இன்னும் புகையிலை வாசம் இருக்கிறது. என் சேகரிப்பில் டப்ளின் சுங்கான்களுக்கு மேல் தட்டில் அதை வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணப் புகையிலை சின்னச் சரித்திரம் உடையதல்ல. திருவிதாங்கூர் அரசு அதை விற்கும் உரிமையைத் தன் கையில் வைத்திருந்து பெருவருமானம் பார்த்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1863 இல், அந்தத் தனியுரிமையைக் கைவிட்டு இறக்குமதித் தீர்வைக்கு மாறினார்கள். மலையாளக்கரை வியாபாரம் பிற்காலத்தில் தளர்ந்தபோது, இலை சுருட்டாகித் தெற்கே போனது. சிங்கள ஊர்ச் சந்திகளில் யாழ்ப்பாணத்தார் திறந்த சுருட்டுக் கடைகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் சிங்களவரிலும் தமிழரிலும் இன்னும் இருக்கிறார்கள். இலைக்குக் கோடா என்ற ஊறலைப் போட்டு, காரத்தைக் கூட்டியும் குறைத்தும், ஊருக்கு ஊர் வேறு ருசி செய்தார்கள். பிடிப்பவருக்கும் தன் கடை, தன் சுருட்டுக்காரர் என்ற பிடிவாதம் இருந்தது. உங்களுக்குச் சுங்கானில் இருக்கும் தெரிவும் வாதமும் அவர்களுக்குச் சுருட்டில் இருந்தன.

சுருட்டுக் கொட்டிலில் வேலை நடக்கும்போது ஒருவர் பத்திரிகையோ கதையோ உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். எழுத்தறியாதவரும் அரசியல் பேசப் பழகியது அங்கேதான். கியூபாவின் ஹவானாவில் 1865 இல் இதே வழக்கம் தொடங்கியது. அங்கே வாசிப்பவருக்கு உயர்ந்த ஆசனமும் சம்பளமும் இருந்தன. கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களிடமும் இது இருந்தது. ஹவானாவின் வாசிப்பு மேடைகளைப் படம் பிடித்து நூலாக்கியிருக்கிறார்கள். எங்கள் கொட்டில்களில் என்ன வாசித்தார்கள், யார் வாசித்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். கொட்டிலில் இருந்தவர்கள் முதிர்ந்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகவேண்டிய இடம் அது.

ஆர்தர் கொனன் டொயில் 1887 இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். திருச்சிராப்பள்ளியின் உறையூரில் சுருட்டிய ஒரு பொருள் லண்டன் வாசகனுக்கு அவ்வளவு தெரிந்ததாக இருந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சுருட்டுப்பெட்டியின் மேலொட்டிய ஒரு வண்ணத்தாள் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் அதற்காக என்னிடம் உள்ள நல்ல பிரையர் ஒன்றைத் தரத் தயார்.

பிடிப்பது பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுங்கான் புகையை உள்ளே இழுக்காததால் தீங்கில்லை என்று உங்களில் சிலர் இளையவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லாதீர்கள். ஜேர்மன் மருத்துவர் சோமரிங், சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று வருவதை 1795 இலேயே எழுதி வைத்தார். கற்பிட்டிக் கோட்டை கைமாறிய அதே ஆண்டு. இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலைப் புகையிலைக்கும் பீடி சுருட்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆந்திரக் கரையில் பெண்கள் சுருட்டின் எரிமுனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. காற்றும் தூறலும் அணைத்துவிடாமலிருக்க வந்த பழக்கம் என்பார்கள். அவர்களுக்கு அண்ணத்தில் புற்று வருகிறது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கரையிலிருந்து போனவர்களை நான் அறிவேன். எனவே இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக்கூடாது என்ற 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். சேர்க்க விரும்பும் இளையவர் யாரும் பற்றவைக்கத் தேவையில்லை. பல்தடத்தைப் படிக்கவும் முத்திரையைக் கண்டுபிடிக்கவும் நெருப்பு வேண்டாம். என் சேகரிப்பில் பெரும்பகுதி, நான் வாங்கிய பிறகு ஒருமுறையும் எரியாதது. நான் பிடிப்பதும் மிகக் குறைத்தாயிற்று. வாடைக்காலத்தில், காற்று தணிந்த மாலையில், எப்போதாவது.

வர விரும்புகிறவர்கள் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வாருங்கள். கடல் அமைதியாக இருக்கும், வாடிகளில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், படகுக்காரர்களும் தாமதிக்காமல் ஏற்றுவார்கள். வரும்போது உங்கள் வீட்டில் கிடக்கும் கொட்டைப்பெட்டியோ, சுருட்டுக்கட்டின் தாளோ, பாக்குவெட்டியோ எதுவானாலும் கொண்டுவாருங்கள். யாருடையது, எந்த ஊர், எந்தக் கடையில் வாங்குவார் என்ற விவரத்தை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி, பொருளோடு கட்டிக் கொண்டுவாருங்கள். விவரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே முதியவர்கள் இருக்கிறார்கள், காட்டிக் கேட்போம். கழுவ வேண்டாம், துலக்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உச்சமுனையிலிருந்து உங்கள் சக சேகரிப்பாளன்